ஒன்றும் இருக்கக் கூடாத பாட்டில்

1

இந்தக் கதை எனக்கு ஒட்டுக்கேட்டதில் கிடைத்தது. பல் மருத்துவரின் வரவேற்பறையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊசி போட்டாகிவிட்டது, மரத்துப் போகட்டும் என்று வெளியே அனுப்பியிருந்தார்கள். அடுத்த நாற்காலியில் ஒரு பெண்மணி போனில் கத்திக்கொண்டிருந்தார்.

"அந்தப் பாட்டில்ல ஒண்ணுமே இருக்கக் கூடாதுக்கா! அதுக்குத்தானே அதை அவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தேன்!"

மறுமுனையில் இருந்த அக்காவுக்கு வெண்கலக் குரல். போனை விட்டு வெளியே வந்து எங்கள் நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது அது. "ஒண்ணும் இருக்கக் கூடாத பாட்டிலை எதுக்குடி தூக்கிட்டு வந்தே?"

நியாயமான கேள்வி. எனக்கும் அதே கேள்விதான். கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். உதடு என் பேச்சைக் கேட்கவில்லை, எச்சில்தான் ஒழுகியது. அந்தப் பெண்மணி ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

ஆகவே வாசகரே, விஷயம் இதுதான். என் காதில் விழுந்தது அந்தத் தொலைபேசிப் பேச்சு மட்டும். மீதி எல்லாம் நான் ஊற்றியது. விசாரித்துப் பார்த்ததில், ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறதாம். எதைத் தேடுகிறோம், எது கிடைத்தால் என்ன என்று முடிவு செய்வோம், யார் நமக்கு வேண்டப்பட்டவர்கள் என்பதையெல்லாம் ஆரம்பிக்கும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு விதியை வளைக்கக் கூடாது. நல்ல பழக்கம்தான். நானும் செய்கிறேன்.

[அறிவிப்பு: நான் அக்கா கட்சி. எனக்கும் ஒரு அக்கா உண்டு, அவளுக்கும் வெண்கலக் குரல். நான் உத்தேசித்திருக்கும் முடிவு: கம்பெனி மாட்டிக்கொள்ளும், அக்காவுக்கு நல்ல தண்ணீர் கிடைக்கும், எல்லோரும் கைதட்டுவார்கள். பின்னால் இதை மாற்றினால் என் சட்டையைப் பிடியுங்கள்.]

2

முதல் ஆரம்பம்: 'பூமியின் ஆழத்தில், யுகயுகமாய் உறங்கிக்கொண்டிருந்த அந்தப் பாறை, ஒரு நாள் திடுக்கிட்டு—'

வெட்டிவிட்டேன். பாறை எப்போது உறங்கியது, திடுக்கிட?

இரண்டாம் ஆரம்பம்: 'தண்ணீருக்கும் கண்ணீருக்கும் ஒரே ஒரு—' சே, வேண்டாம். இதை நீங்கள் பார்க்காத மாதிரி இருந்துவிடுங்கள்.

மூன்றாம் ஆரம்பம்: 'நீரியல் விரிசல் முறையில் எரிவாயு எடுப்பதால் நிலத்தடிக் குடிநீர்மீது ஏற்படக்கூடிய தாக்கங்கள் குறித்து அரசு மேற்கொண்ட—' இது கதை இல்லை, அறிக்கை. எழுதும்போதே கொட்டாவி வந்தது. ஆனால் விஷயத்தைச் சொல்லாமல் தப்பிக்கவும் முடியாது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூமிக்குள் ரொம்ப ஆழத்தில் துளை போட்டு, மணலும் மருந்தும் கலந்த தண்ணீரை அடித்து இறக்குவார்கள். அழுத்தத்தில் பாறை விரிசல் விடும். உள்ளே மாட்டிக்கொண்டிருந்த எரிவாயு மேலே வரும். இதற்கு ஃபிராக்கிங் என்று பெயர். மேலே எரிவாயு மட்டும்தான் வருகிறதா, அந்த மருந்து பக்கத்துக் கிணறுகளுக்குள் போகிறதா என்பதுதான் கேள்வி. கம்பெனி போகவில்லை என்கிறது. தெருக்காரர்கள் போகிறது என்கிறார்கள். நடுவில் அரசாங்கம் ஒரு ஆய்வகத்தைக் கூப்பிட்டு, "நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்றது.

நான்காம் ஆரம்பம்: 'அலுவலகத்தில் அவளைச் சல்லடை என்று கூப்பிட்டார்கள்.'

இது நிற்கும்.

3

அலுவலகத்தில் அவளைச் சல்லடை என்று கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேரே இல்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் சலித்து முக்கால்வாசியைக் கீழே கொட்டிவிடுவாள்.

[தடித்த கண்ணாடி, இறுக்கிப் போட்ட கொண்டை என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். விஞ்ஞானி என்றால் கண்பார்வை மட்டமாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? இவளுக்குக் கண் நன்றாகத் தெரியும். பல்லைத்தான் நறநறவென்று கடிப்பாள். அதனால்தான் பல் மருத்துவர்.]

இந்த ஆய்வுக்கான விதிகளை எழுதியவள் அவள்தான். அதில் ஒன்று வெறும் பாட்டில் விதி. ஆய்வகத்திலேயே வடித்த, உலகத்தில் இதற்குமேல் சுத்தம் இல்லை என்கிற அளவுக்குச் சுத்தமான தண்ணீரை ஒரு பாட்டிலில் அடைப்பார்கள். கிணற்றுத் தண்ணீர் பிடிக்கப் போகும்போது இதுவும் அதே பெட்டியில், அதே வண்டியில் போகும். அங்கே கிணற்றுப் பாட்டில் திறந்திருக்கும் நேரம் இதையும் திறந்து வைப்பார்கள். பிறகு மூடி, திரும்பக் கொண்டுவந்து, இரண்டையும் சோதிப்பார்கள். வெறும் பாட்டிலில் ஒன்றுமே இருக்கக் கூடாது. ஏதாவது இருந்தால் அது கிணற்றிலிருந்து வந்ததில்லை. நம் கையிலிருந்தோ வண்டியிலிருந்தோ வந்தது. அப்படி வந்தால் அந்தப் பெட்டியில் இருந்த எல்லாமே தள்ளுபடி.

கம்பெனி ஆலோசகர் இந்த விதியில்தான் முதலில் இடறி விழுந்தார். மடிப்புக் கலையாத சட்டை, பையில் எப்போதும் புதினா மிட்டாய். பார்க்கிறவர்களுக்கெல்லாம் ஒன்று நீட்டுவார். கம்பெனி தானாகவே எடுத்த சோதனை முடிவுகளைக் கொண்டுவந்து வைத்தார். எல்லாக் கிணறும் பளிங்கு மாதிரி.

"வெறும் பாட்டில் முடிவு எங்கே?" என்றாள் சல்லடை.

அவர் தயங்கி அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தார். அதில் ஏகப்பட்ட அழுக்கு.

"கிணத்துத் தண்ணி சுத்தமா இருக்கே மேடம், அதுதானே முக்கியம்?"

"சுத்தமான தண்ணி அழுக்காயிருக்கு, கிணத்துத் தண்ணி சுத்தமா இருக்கு. அப்போ எந்தப் பாட்டில் எதுன்னே உங்களுக்குத் தெரியலைன்னு அர்த்தம். எடுத்துட்டுப் போங்க."

பக்கத்தில் இருந்த ஆய்வக இயக்குநர் சிரிப்பை அடக்க இருமினார். ஆலோசகர் தாள்களை அடுக்கிக்கொண்டே, கோபமே இல்லாத குரலில் கேட்டார்: "நாளைக்கு உங்க பெட்டியில இப்படி வந்தா?"

"தூக்கிப் போட்டுடுவேன்."

"யார் வீட்டுக் கிணறா இருந்தாலும்?"

"யார் வீட்டுக் கிணறா இருந்தாலும்."

அவர் ஒரு புதினா மிட்டாயை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

4

[இது கதையின் வெறும் பாட்டில். கதையோடு ஒட்டாத, ஒரு பாவமும் அறியாத மூன்று வாக்கியங்களை இங்கே ஊற்றி மூடுகிறேன். கூடவே எடுத்துக்கொண்டு வாருங்கள். கடைசியில் சோதிப்போம்.]

ஒரு மேசை. மேசைமேல் ஒரு குவளை. குவளையில் தண்ணீர்.

5

சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்த கிணறுகளில் அக்கா வீட்டுக் கிணறும் ஒன்று. துளை போடும் மைதானத்துக்கு அடுத்த தெருவில் அக்கா வீடு. முன்னறையில் தையல் மெஷின், மூலையில் வெட்டுத்துணி மலை, கொல்லைப்புறம் கிணறு. லாரிகள் வரத் தொடங்கியதிலிருந்து தண்ணீரில் ஒரு வாடை வருகிறது என்பது அக்காவின் புகார். மாமாவுக்கு ஒரு வாடையும் வரவில்லை. ஆனால் மாமாவுக்குப் பால் பொங்கி அடுப்பில் கருகினாலும் வாடை வராது.

சொந்தக்காரர் கிணறு என்றால் வேறொருவர்தான் போக வேண்டும். இதுவும் சல்லடை எழுதிய விதிதான். போக வேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

[இங்கே எனக்கு இவள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் விதி சொல்கிறவள் அக்கா வீட்டுக்குத் தானே கிளம்புவாளா? பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன். போவாள். 'பாட்டில் பாட்டில்தானே, அதுக்கு நான் யாருன்னு தெரியுமா?' என்று தன்னிடமே சொல்லிக்கொண்டு போவாள். போய் ரொம்ப நாள் ஆகிறது, அக்கா கையால் சாப்பிட்டு வரலாம் என்றும் இருக்கும். அறிவிப்பில் எழுத மறந்த சொந்தபந்தங்கள் எனக்கும் இருக்கலாம்.]

"வாடி, இப்போதான் வழி தெரிஞ்சுதா?" என்றாள் அக்கா.

"வேலையா வந்திருக்கேன்க்கா. தொந்தரவு பண்ணாதே."

"நான் என்ன பண்ணினேன்? தெருவே என் வாசலைப் பார்த்துட்டு நிக்குது. உன் தங்கச்சிதானே பார்க்கிறா, உன் தங்கச்சிதானே பார்க்கிறான்னு உயிரை எடுக்கிறாங்க. எதிர்வீட்டுப் பொண்ணு கைக்குழந்தையைத் தூக்கிட்டு வந்து, 'பால் பவுடர் கரைக்கலாமாக்கா?'ன்னு தினமும் கேக்கிறா. நான் என்ன சொல்ல?"

"முடிவு வரட்டும்."

கிணற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டுவந்து தையல் மேசைமேல் வைத்தாள். வெறும் பாட்டிலைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். பெயர்ச் சீட்டு எழுத வேண்டும். ஈரக் கை பட்டு மை கலைந்தது. இன்னொரு சீட்டு எடுத்தாள், அதுவும் கலைந்தது. 'ச்சு' என்றாள்.

"இதுல எழுது," என்று அக்கா எதையோ கையில் திணித்தாள். "துணி மூட்டைக்கெல்லாம் இதுலதான் பேர் எழுதறேன். துவைச்சாலும் போகாது."

சல்லடை வாங்கி எழுதினாள். அக்கா ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள், மாமா ஏதோ ஜோக் அடித்தார், சல்லடை சிரித்தாள். பிறகு மூடிகளைத் திருகி மூடினாள். தட்டு போட்டாகிவிட்டது, கை கழுவச் சொன்னார்கள்.

6

முதலில் கிணற்றுப் பாட்டிலின் முடிவு வந்தது. டொலுவீன். துளைக்குள் அடிக்கும் கலவைகளில் இருக்கக்கூடிய ரசாயனம். குடிக்கிற தண்ணீரில் இருக்கவே கூடாது.

சல்லடை நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். இவ்வளவு நாள் தலையைச் சுற்றிச் சுற்றி வந்த விஷயம் கையில் சிக்கிவிட்டது! அக்காவின் மூக்கு பொய் சொல்லவில்லை. ஆலோசகர் இனிமேல் மிட்டாயை யாரிடம் நீட்டுவார் என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது. தோன்றியது என்ன, கற்பனையில் பார்த்தே விட்டாள்.

அடுத்தது வெறும் பாட்டில். அதிலும் டொலுவீன். கிணற்றுப் பாட்டிலைவிடக் குறைவு, ஆனால் இருந்தது.

அவள் உட்கார்ந்தாள். பெட்டியைத் திறந்து பாட்டில்களை எடுத்துப் பார்த்தாள். பெயர்ச் சீட்டில் அவள் கையெழுத்து, கன்னங்கரேலென்று, பட்டையாக.

மார்க்கர்.

பெயிண்ட், பசை, மார்க்கர் பேனா எல்லாவற்றிலும் இதே சனியன் இருக்கலாம். பெட்டிக்குப் பக்கத்திலேயே மார்க்கரைக் கொண்டுவரக் கூடாது என்று பயிற்சி வகுப்பில் புதிதாய்ச் சேர்ந்தவர்களை மிரட்டுகிறவளே அவள்தான். அக்காவின் மார்க்கர் என்ன வகை என்று காரணம் சொல்லாமல் கேட்டு, அதே போல் ஒன்று வாங்கிவந்து, புது வெறும் பாட்டிலுக்குப் பக்கத்தில் திறந்து, எழுதி, மூடி, சோதித்துப் பார்த்தாள். வந்தது.

முன்பின் தெரியாதவர் வீட்டில் யாராவது மார்க்கரை நீட்டியிருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பாள். நீட்டியது அக்கா. சின்ன வயதிலிருந்து அந்தக் கை நீட்டியதையெல்லாம் பார்க்காமலே வாங்கிப் பழக்கம். சொந்தக்காரர் கிணற்றுக்குப் போகக் கூடாது என்ற விதி பொய் சொல்கிறவர்களுக்காக எழுதியது என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அது இதற்காகத்தான் என்று இப்போது உறைத்தது. அழுகையாக வந்தது. அழுதாள்.

7

இப்போது நீங்கள் என் சட்டையைப் பிடிக்கத் தயாராக இருங்கள்.

முடிவு (அ): சல்லடை பெயர்ச் சீட்டுகளை உரித்துப் போடுகிறாள். கிணற்றுப் பாட்டிலில்தானே அதிகம் இருந்தது? அந்த அதிகம் எங்கிருந்து வந்ததாம்? கம்பெனி மாட்டுகிறது, கைதட்டல். நான் முதலிலேயே அறிவித்த முடிவு இது. ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன், ஜம்மென்று வந்தது. ஆனால் அந்தப் பக்கத்தின் அடியில் ஆலோசகர் தம் தாள்களை மறுபடி தூக்கிக்கொண்டு உள்ளே வருகிறார். "உங்க வெறும் பாட்டில் பரவாயில்லைன்னா, எங்களுதும் பரவாயில்லைதானே மேடம்?" அவரை எப்படி வெளியே அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. விதியை இவளுக்காகக் கொஞ்சம் திறந்தால் அவரும் அதே வழியாக வருவார்.

முடிவு (ஆ): அந்த மார்க்கரை அக்கா வீட்டில் கொண்டுவந்து போட்டதே ஆலோசகரின் ஆள்தான் என்று—

வெட்டிவிட்டேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

முடிவு (இ): எல்லாம் கனவு. மன்னித்துவிடுங்கள், அன்றைக்குப் பல் வலி அதிகம்.

ஆக, அறிவித்த முடிவை என்னால் தர முடியவில்லை. அதை மறைக்காமல் எழுதி வைக்கிறேன். இதுவும் விதியாம்.

8

கூட்டம். நீள மேசையின் ஒரு பக்கம் இயக்குநர், எதிரே ஆலோசகர், நடுவில் சல்லடை. இந்த அறிக்கையைப் பார்த்துத்தான் அடுத்த துளைக்கு அனுமதி தருவதா வேண்டாமா என்று மேலிடம் முடிவு செய்யும்.

"ஒரு பெட்டி தள்ளுபடி," என்றாள். "எங்க அக்கா வீட்டுக் கிணறு. நான் போயிருக்கக் கூடாது, போனேன். மார்க்கர்ல எழுதினேன். வெறும் பாட்டில்ல டொலுவீன் வந்திருக்கு. அந்தத் தெருவுக்கு வேற பெட்டி இல்லை."

ஆலோசகர் அவளைப் பார்த்தார். ஜெயித்த முகம் இல்லை அது. இப்படியும் ஒருத்தி செய்வாளா என்று குழம்பிய முகம்.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "சரிம்மா, விடு. 'குடிநீருக்குப் பாதிப்பு இருப்பதற்குச் சான்று இல்லை'ன்னு ஒரு வரி போட்டு முடிச்சிடலாம். பொய் இல்லையே?"

"நான் கண்ணை மூடிட்டு, 'இந்த ரூம்ல யாரும் இல்லை'ன்னு சொன்னா அது எந்த அளவுக்கு உண்மையோ, அந்த அளவுக்குத்தான் இதுவும் உண்மை சார். 'எங்களுக்கு இன்னும் தெரியாது, மறுபடி எடுக்கணும்'னு போடுங்க."

"அரசாங்க அறிக்கையில தெரியாதுன்னு போட்டா சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும். எங்க தப்புன்னும் சேர்த்துப் போடுங்க."

போட்டார்கள். எப்படிப் போட்டார்கள் என்று கேட்காதீர்கள். இயக்குநர் நல்ல மனுஷர் என்று வைத்துக்கொண்டேன். அனுமதி தள்ளிப்போனது. மறுபடி தண்ணீர் எடுக்க வேறொருவரை நியமித்தார்கள், அவர் வர நாளாகும். சல்லடையை அந்த ஆய்விலிருந்து விலக்கினார்கள். அவள் எழுதிய விதிப்படிதான்.

[இது கதைக்குள் நான் வலுக்கட்டாயமாக ஊற்றிய நல்ல தண்ணீர். ருசி தெரிந்திருக்குமே.]

9

இனிமேல் வருவது நான் என் காதால் கேட்டது. வரவேற்பறை, மரத்த உதடு, ஒரு நாற்காலி தள்ளிப் போனவர்.

"மார்க்கர்னாலக்கா," என்றார் அவர்.

"நான் குடுத்ததா?" வெண்கலக் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஐயோ. என்னாலயாடி?"

"உன்னால இல்லை. வாங்கினது நான்."

"சரி, அதை விடு. இப்போ தண்ணி நல்லதா கெட்டதா?"

"தெரியாதுக்கா."

"இவ்வளவு படிச்சுட்டுத் தெரியாதுன்னு சொல்றியே, வெக்கமா இல்லை?"

"இருக்கு."

எனக்கு எச்சில் ஒழுகியது, துடைக்கத் தோன்றவில்லை.

"அதிகாரியா என்னைக் கேட்டா, தெரியாது," என்றார் அவர் மெதுவாக. "தங்கச்சியாக் கேட்டா, குடிக்காதேக்கா. கேன் தண்ணி வாங்கிக்கோ. ஆனா வெளியில சொல்லாதே. நான் சொன்னேன்னு தெரிஞ்சா, முடிவு வராமலே ஆய்வகம் பீதி கிளப்புதுன்னு ஆய்வையே மூடிடுவாங்க."

"கேனை என்ன முந்தானையில மறைச்சா எடுத்துட்டு வருவேன்? தெருவே பார்க்கும்."

"பார்த்தா பார்க்கட்டும், நீ வாயைத் திறக்காதே."

"நல்லாயிருக்குடி. எனக்குத் தங்கச்சி நீ இருக்கே, எனக்கு மட்டும் ரகசியமா பதில் வந்துடுச்சு." வெண்கலக் குரல் மறுபடி ஏறியது. "எதிர்வீட்டுப் பொண்ணு இப்போ குழந்தையோட என் வாசல்ல நிக்கிறா. பால் கரைக்கலாமான்னு கேக்கிறா. அவளுக்கு எந்தத் தங்கச்சி இருக்கா?"

அவர் வாயைத் திறந்தார்.

உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள், உதவியாளர் வந்து தோளைத் தொட்டுக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்தபோது அந்த நாற்காலி காலி. என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. இதை என்னால் இட்டுக்கட்டவும் முடியும்; மூன்று விதமாக எழுதியும் வைத்திருக்கிறேன். ஆனால் என் கையில் மார்க்கர் வாடை அடிக்கிறது.

இப்போது நான்காம் பகுதியின் மூடியைத் திறங்கள். ஒரு மேசை. மேசைமேல் ஒரு குவளை. குவளையில் தண்ணீர். முதலில் படித்தபோது அதில் ஒன்றும் இருந்திருக்காது. இப்போது வாடை வருகிறதா? எதிர்வீட்டுக் குழந்தை அழுவது கேட்கிறதா? அப்படியென்றால் அது கிணற்றிலிருந்து வந்ததில்லை, என் கையிலிருந்து வந்தது. விதிப்படி இந்தக் கதையைத் தூக்கிப் போட்டுவிடலாம். நான் தடுக்க மாட்டேன்.

தூக்கிப் போட்ட பிறகும் அந்தப் பெண் வாசலில்தான் நிற்கிறாள். குழந்தைக்குப் பசி. கையில் பால் பவுடர் டப்பா. அவளுக்கு நீங்கள் தங்கையும் இல்லை, அதிகாரியும் இல்லை. ஆனால் அவள் உங்களைத்தான் பார்க்கிறாள்.

சொல்லுங்கள்.